வண்டிக்கு அடியில் நின்றவள்

சரபா காரின் அடுத்த மாடலில் என்னென்ன வரப்போகிறது என்று மூன்று வருஷமாக வாய் வலிக்கப் பேசிய ஒரு கூட்டம் உண்டு. தொள்ளாயிரத்து நாற்பது பேர். அந்த வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மின் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப்போக நான் மற்றவர்களைத் திட்டுவதைப் பார்த்து, இவன் யோக்கியன் போலிருக்கிறது என்று யாரும் ஏமாற வேண்டாம்.

என் பெயர் தமிழரசன். மரக்காணத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், உப்பளங்களை ஒட்டி வாட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். காரைக் கழுவுவது என் தொழில். காரைப் பற்றிப் பேசுவது என் வியாதி. முப்பத்தாறு வயசாகியும் எனக்குக் கல்யாணம் ஆகாததற்கு அந்த வியாதிதான் காரணம் என்பது என் அண்ணன் வெங்கடாசலத்தின் கட்சி. நாள் முழுக்க ஈரத்தில் நிற்பதால் என் கால்விரல் இடுக்கெல்லாம் வெடித்துக் கிடக்கும். அதைக்கூடக் கவனிக்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சரபாவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பார்ப்பதற்குச் சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகிற சின்னக் கார் மாதிரிதான் இருக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு வரிசையாகப் பத்து சரபா போகும். அதில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. இதுவரை முப்பத்தொரு சரபாக்களைக் கழுவியிருக்கிறேன். ஒன்றை நூறு மீட்டர் ஓட்டியிருக்கிறேன், நிழலில் நிறுத்துவதற்காக.

குழுவில் பேச்சு எப்போதும் ஒன்றுதான். நூற்று இருபது குதிரை சக்தி நூற்று அறுபதாகுமா, நூற்று எண்பதாகுமா? பின்சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் வருமா? சைலன்சர் ஒன்றா, இரண்டா? எல்லாவற்றுக்கும் மேலாக, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஃபோர் வீல் டிரைவ் வருமா, வராதா? கறுப்பு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி முகத்தை மறைத்த சோதனை வண்டி ரோட்டில் எங்கேயாவது தென்பட்டால், எவனாவது பைக்கில் துரத்திப் போய் மங்கலாக ஒரு படம் எடுப்பான். அந்தப் படத்தில் டயரின் அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்து இன்னொருவன் தீர்ப்புச் சொல்வான். வண்டியைத் தொட்டுக்கூடப் பார்த்திராதவன் குரல்தான் உரக்கக் கேட்கும். அந்தக் குரல்களில் என்னுடையதும் ஒன்று.

நாங்கள் இப்படிக் கத்திக்கொண்டிருந்த அதே நாட்களில், அந்த வண்டிக்கு அடியில் தினமும் ஆறு மணி நேரம் என் அண்ணி சூர்யகலா நின்றுகொண்டிருந்தாள்.

அண்ணிக்கு நாற்பத்து நாலு வயசு. பிறந்த ஊர் பெருமுக்கல். நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் விளைகிற மண்ணில் வளர்ந்தவள், கல்யாணமாகி வந்த மறுவாரமே உப்பளத்தில் இறங்கினாள். அண்ணன் அங்கே தண்ணீர் இறைக்கிற மோட்டாரைப் பார்த்துக்கொள்கிறவன். மழைக்காலம் முடிந்ததும் பாத்திகளில் சேற்றை வழித்தெடுத்து, அடித்தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். அப்போதுதான் உப்பு மண் கலக்காமல் வெள்ளையாக வரும். செருப்போடு பாத்தியில் இறங்கக் கூடாது, தரையில் தடம் விழுந்து கெட்டுவிடும். இருபத்து மூன்று வருஷமாக வெறுங்காலால் மிதித்திருக்கிறாள். மழை மாசங்களில் வேலை இல்லாதபோது பாதத்துப் புண் லேசாக ஆறும். தை பிறந்து மறுபடி இறங்கினால் திறந்துகொள்ளும்.

அவள் கோபக்காரி. உப்பளத்தில் அவள் நடந்துவந்தால் மேஸ்திரிகள் ஒதுங்கி வழிவிடுவார்கள். ஒரு சித்திரை மாசம் குடிக்கிற தண்ணீர் டேங்கில் தண்ணீர் உப்புக் கரித்தது. நல்லாத்தான் இருக்குது என்று மேஸ்திரி சொல்லிவிட்டான். அண்ணி ஒரு சொம்பு நிறையப் பிடித்துக்கொண்டு போய் அவன் கையில் கொடுத்து, கடைசிச் சொட்டு வரை அவன் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றாள். மறுநாள் டேங்க் மாறியது. அந்தக் கோபம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், என் பக்கம் திரும்பாதவரை.

போன வருஷம் ஆவணி கடைசியில், உப்பளத்தை ஒட்டியிருந்த பழைய குடோன் ஒன்றை யாரோ வாடகைக்கு எடுத்துச் சுற்றிலும் தகரம் அடைத்தார்கள். கார் கம்பெனிக்காகச் சோதனை செய்து கொடுக்கிற ஒப்பந்தக்காரர்கள். கடலோரத்து உப்புக்கு வண்டி எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பது அவர்கள் வேலை. காலையில் வண்டி கோட்டக்குப்பம் வரை போய்த் திரும்பும். பிறகு அதை லிஃப்டில் தூக்கி நிறுத்தி, அடிப்பாகம் முழுக்க உப்புத் தண்ணீர் அடித்து ஊறவிட்டு, எங்கே துருப்பிடிக்கிறது என்று படம் எடுத்து எழுதி வைப்பார்கள். தண்ணீர் அடிக்க ஒரு மிஷின் கொண்டுவந்தார்கள். பதினைந்தே நாளில் அந்த மிஷின் துருப்பிடித்து நின்றுபோனது. ஊரே சிரித்தது.

அதற்குப் பிறகுதான் ஆள் தேடினார்கள். வயலில் பூச்சிமருந்து அடிக்கிற பிளாஸ்டிக் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு அண்ணி போனாள். சூப்பர்வைசர் கௌதமன் முதல் நாள் உப்புத் தண்ணீரில் கண்ணாடி மிதவையைப் போட்டு, உப்பின் அளவு ஐந்து டிகிரிதான் இருக்க வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது என்று பாடம் எடுத்தானாம். அண்ணி இரண்டு விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, இன்னும் அரை வாளி நல்ல தண்ணீர் ஊற்றச் சொன்னாள். மிதவை சரியாக ஐந்தில் நின்றது. மூன்று நாள் சோதித்துப் பார்த்தவன், நாலாம் நாளிலிருந்து மிதவையை வெளியே எடுக்கவே இல்லை.

உள்ளே போகும்போது போனை ஒரு பெட்டியில் போட்டுவிட வேண்டும். உள்ளே பார்த்ததை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள். சோதனை நல்லபடியாக முடிந்தால் வருஷம் முழுக்க வேலை, இ.எஸ்.ஐ. அட்டை எல்லாம் உண்டு என்று கௌதமன் சொன்னான். அண்ணி அதை நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? ஐப்பசியில் ஒருநாள் வாசலில் உட்கார்ந்து காலை நீட்டி என்னிடம் காட்டினாள்.

"பாரு தமிழு, விரலு மூடிக்கிச்சி. இந்தத் தைக்குப் பாத்தில கால் வைக்கமாட்டேன்."

அவளுக்கு இருந்தது அந்த ஒரே ஆசைதான். அதை நான் எப்படிக் கெடுத்தேன் என்று சொல்கிறேன்.

எங்கள் குழுவில் ஐயப்பன் என்று ஒருவன் இருக்கிறான். கார்களைப் பற்றி யூடியூப் சேனல் நடத்துகிறவன், நாலு லட்சம் பேர் பார்க்கிறார்கள். ஃபோர் வீல் டிரைவ் உறுதியாகிவிட்டது, கம்பெனிக்குள்ளிருந்தே தகவல் வந்துவிட்டது என்று அதே ஐப்பசியில் ஒருநாள் சாயங்காலம் குரல் பதிவு போட்டிருந்தான். அதெல்லாம் இந்த விலையில் வராது என்று நான் எழுதினேன். கார் கழுவுறவருக்கு இன்ஜினியரிங் எதுக்கு ப்ரோ என்று பதில் போட்டான். அதற்கு அறுபது பேர் சிரித்தார்கள். நான் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கொதித்துக்கொண்டே அந்தக் குரல் பதிவை மறுபடி மறுபடி ஓட விட்டேன். மீன் குழம்பு ஊற்ற வந்த அண்ணிக்கு அந்த ஆளின் குரலே எரிச்சலாக இருந்திருக்க வேண்டும்.

"அவன வாய மூடச் சொல்லு. பின்னாடி சக்கரத்துக்குப் போற தண்டே கெடையாது. சைலன்சர் கொழாயும் பிரேக் பைப்பும்தான் போவுது. இன்னாத்த வச்சி இழுக்கும்?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கரண்டியைக் கையில் பிடித்தபடியே, இதை வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது என்றாள். சொல்ல மாட்டேன் அண்ணி என்றேன். கையைக் கழுவிவிட்டு வந்து பத்து நிமிஷத்தில் குழுவில் எழுதினேன்: ஃபோர் வீல் டிரைவ் வராது, பின்னால் போகிற தண்டே இல்லை. ஆதாரம் என்ன என்று கேட்டார்கள். சோதனை நடக்கும்போது வண்டிக்கு அடியில் நிற்கிற ஆள் என்று எழுதினேன். அவள் போட்ட சோறு இன்னும் செரித்திருக்காது.

மறுநாள் ஐயப்பன் என் வரிகளைப் படம் பிடித்துப் போட்டு ஒரு வீடியோவே செய்துவிட்டான். சரபா ரசிகர்கள் மத்தியில் அது பற்றி எரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வந்த எல்லோரிடமும் காட்டினேன், அண்ணியைத் தவிர.

கார்த்திகையில் கடைசிக் கட்டம் வந்தது. இரண்டு வாரம் வண்டியை ஓட்டாமல் லிஃப்டிலேயே நிறுத்தி, தினமும் உப்புத் தண்ணீர் அடித்து ஊறவிட வேண்டும். அந்தச் சமயத்தில்தான் அண்ணி அதைப் பார்த்தாள். முன்னாலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற பிரேக் பைப்பை இடதுபக்கம் ஒரு கிளிப் பிடித்திருக்கிறது. சேறும் உப்பும் அந்தக் கிளிப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டு காயாமல் இருந்தது. நகத்தால் சுரண்டினாள், பைப் செதிலாக உரிந்து வந்தது. நேராகப் போய்க் கௌதமனிடம் சொன்னாள். துருவைத் தேடித்தானே இத்தனை பேர் வந்திருக்கிறோம், கிடைத்துவிட்டது என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட.

கௌதமன் முகம் செத்துவிட்டது. மறுநாள் அவள் போய்ப் பார்த்தபோது அந்த இடத்தைத் துடைத்து, கறுப்பாகக் கிரீஸ் பூசியிருந்தது. அந்த மூலையில் மட்டும் தண்ணீர் அடிக்க வேண்டாம் என்றான். சோதனையில் பைப் தோற்றால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், தேதி தள்ளிப்போகும், அடுத்த ஒப்பந்தம் வேறு யாருக்காவது போய்விடும் என்று அவனுக்குப் பயம். அண்ணி கேட்டாள்.

"மழைல ஓட்றவன் அந்த எடத்த மட்டும் தூக்கிப் புட்சிக்கினு ஓட்டுவானா சார்?"

"அக்கா, உங்க பர்மனென்ட் வேலையும் இதுலதான் இருக்குது. பாத்துக்குங்க" என்றானாம்.

அன்று வீட்டுக்கு வந்து அவள் சாப்பிடவில்லை. அடிக்காதே என்றால் அடிக்காமல் விட்டுவிடு, உனக்கு எதற்கு வம்பு என்று அண்ணன் சொன்னான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அண்ணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இத்தினி வருஷமா உப்பு நம்ம காலத் தின்னுது, ஒருத்தனும் குனிஞ்சி பாக்கல. ஒரு வண்டிக்காவது குனிஞ்சி பாக்குறாங்களேன்னு நெனச்சேன். அதுக்கும் மையப் பூசி மறைக்கிறான்."

மறுநாள் காலையில் கௌதமன் டீ குடிக்கப் போன நேரத்தில், புடவை முந்தானையால் அந்தக் கிரீஸை வழித்துத் துடைத்தாள். எல்லா இடத்திலும் அடிப்பது போலவே அங்கேயும் அடித்தாள். ஒன்பது நாள் அப்படியே செய்தாள். அவன் பூசுவான், அவள் துடைப்பாள்.

கடைசி நாள் தலைமை ஆபீசிலிருந்து பிரியங்கா என்ற இன்ஜினியர் வந்தாள். இளம் வயசு. வண்டியை லிஃப்டிலிருந்து இறக்கி, அவளை உட்கார வைத்துச் சாலையில் வேகமாக ஓட்டிக் காட்ட வேண்டும். ஓட்டுகிறவன் எங்கள் ஊர் வேல்முருகன். இதன் பிறகு நடந்ததெல்லாம் அவன் சொன்னதுதான்.

வண்டியைக் கிளப்பிக் கேட்டுக்கு வந்தபோது, முதுகில் டேங்கோடு அண்ணி கேட்டுக்குக் குறுக்கே நின்றாள். கௌதமன் கத்தினான். அவள் நகரவில்லை. கண்ணாடியை இறக்கி என்ன விஷயம் என்று பிரியங்கா கேட்டாள்.

"இங்கியே ஒருவாட்டி பிரேக்கப் பலமா மிதிக்கச் சொல்லுங்க மேடம். ஒண்ணும் ஆவலன்னா நானே கேட்டத் தொறந்து வுட்றேன்."

வேல்முருகன் மிதித்தான். நின்றது. இன்னொரு தரம் மிதித்தான். மூன்றாம் தரம் பெடல் அவன் காலோடு தரை வரை இறங்கிவிட்டது. இடதுபக்கம் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் பிரேக் ஆயில் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த வேகத்தில் கீழ்புத்துப்பட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவன் என் கடையில் உட்கார்ந்து இரண்டு டீ குடித்துவிட்டுச் சொன்னான்.

பிரியங்கா துணி அழுக்காவதைப் பார்க்காமல் தரையில் படுத்து, போன் வெளிச்சத்தில் அடியில் பார்த்தாள். எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று அண்ணியிடம் கேட்டாள். அண்ணி தேதி சொன்னாள், கிரீஸையும் சொன்னாள், முந்தானையில் இருந்த கறையையும் காட்டினாள். பிரியங்கா எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு போனாள். தலைமை ஆபீசே தெரிந்துகொண்ட பிறகு நல்லதுதானே நடக்கும் என்று நாங்கள் நினைத்தோம். அண்ணன்கூட அன்றைக்குக் கறி எடுத்து வந்தான்.

எட்டாம் நாள் கௌதமன் அண்ணியை மேஜைக்குக் கூப்பிட்டான். பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கையெழுத்துப் போட்ட தாளை ஒருபக்கம் வைத்தான். இன்னொருபக்கம் ஐயப்பன் வீடியோவில் வந்த என் வரிகளை அச்செடுத்து வைத்தான். வண்டிக்கு அடியில் நிற்கிற ஆள் என்ற இடத்தில் மஞ்சள் கோடு போட்டிருந்தது. இந்த ஷெட்டில் வண்டிக்கு அடியில் நிற்பது நீங்கள் ஒருத்திதானே என்று கேட்டான். அவள் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள்.

வேலை போனதற்குக் காரணம் அந்தப் பைப்தான் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதைச் சொல்லி அவளை அனுப்ப அவனால் முடியாது. சாக்கு வேண்டும். அந்தச் சாக்கை மடித்து அவன் கையில் கொடுத்தவன் நான்.

நேராக என் கடைக்குத்தான் வந்தாள். நான் ஒரு காருக்கு நுரை போட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் தாளை என் முன்னால் நீட்டி, படி என்றாள். என் வரியை நானே உரக்கப் படித்தேன். அவள் திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று காத்திருந்தேன். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு ஏழு மாசம் அவள் என்னோடு பேசவில்லை. சாப்பிடுகிற நேரத்தில் தட்டில் சோறு இருக்கும், குழம்பு இருக்கும், பேச்சு இருக்காது.

நான் அந்த ஷெட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். எழுதினது நீங்கதானே சார், நாங்க ஒண்ணும் பண்ணலயே என்று தகரத்துக்கு உள்ளே நின்றபடி கௌதமன் சொன்னான். கடைக்குத் திரும்பி வந்தேன். ஐயப்பனுக்கு நடந்ததை எழுதி அனுப்பினேன். கண்ணீர் விடுகிற பொம்மை ஒன்றை அனுப்பினான். அடுத்த ஒப்பந்தமும் கௌதமனின் ஆட்களுக்கே கிடைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். இவ்வளவுக்கும் பிறகு நான் அந்தக் குழுவைக் கலைத்திருக்க வேண்டாமா? கலைக்கவில்லை. சோதனை வண்டி பற்றி யாராவது எழுதினால் முதலில் பார்க்கிறவனாக நானே இருந்தேன். என்னை நினைத்தால் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது.

தை பிறந்தது. அண்ணி பாத்தியில் இறங்கி மிதித்தாள். மாசியில் விரல் இடுக்குகள் திறந்துகொண்டன. ராத்திரி அண்ணன் அவள் காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவான். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

ஆடி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்குப் புது சரபாவை வெளியிட்டார்கள். கடையில் தண்ணீரை நிறுத்திவிட்டுப் போனில் பார்த்தேன். குதிரை சக்தி நூற்று ஐம்பது. பின்சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், அதற்குச் சிவப்பு வண்ணம். சைலன்சர் இரண்டு. ஃபோர் வீல் டிரைவ் இல்லை. மூன்று வருஷத்துச் சண்டை நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. எல்லாம் சொல்லி முடித்த பிறகு, மேடையில் இருந்தவர் கடைசியாக, அவசரமாக ஒரு வரி படித்தார். பிரேக் பைப் முழுவதும் துருப்பிடிக்காத புதுப் பூச்சு, ரப்பர் உறை, புது மாதிரி கிளிப்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் கடைக்குள்ளேயே இரண்டு முறை நடந்தேன். அதற்குள் ஐயப்பன் நேரலையில் வந்துவிட்டான். எழுபதாயிரம் ரூபாய் விலை ஏற்றிவிட்டார்கள் என்று புலம்பிவிட்டுச் சிரித்தான்.

"இதுல ஒரு காமெடி பாருங்க, பிரேக் பைப்புக்கு ரப்பர் சட்டையாம். கடலுக்குள்ளயா ஓட்டப் போறோம்? எந்த முட்டாள் கேட்டான் இத? அந்தக் காசுக்கு ஃபோர் வீல் டிரைவ் குடுத்திருக்கலாம்."

என் குழுவில் அந்த வரியை எடுத்துப் போட்டார்கள். முட்டாளைக் கண்டுபிடித்தால் சொல்லுங்கள் என்று ஒருவன். மீனவர்களுக்கான கார் என்று இன்னொருவன். நானூறு பேர் சிரித்திருந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்குப் போனை உடைத்திருப்பேன். உடைக்காமல் எடுத்துக்கொண்டு உப்பளத்துக்கு நடந்தேன்.

அண்ணி பாத்தியில் நின்று பலகையால் உப்பை இழுத்துக் கரையில் குவித்துக்கொண்டிருந்தாள். நான் வரப்பில் நின்றபடி, அவள் கேட்கிறாளா இல்லையா என்று பார்க்காமல், மொத்தத்தையும் படித்தேன். குதிரை சக்தி, சைலன்சர், எல்லாம். கடைசி வரிக்கு வந்தபோது பலகை நின்றது. மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"அந்த ரப்பரு வெல ஜாஸ்தியான வண்டிக்கு மட்டுமா, எல்லா வண்டிக்குமா?"

எல்லா வண்டிக்கும்தான் என்றேன். ஏழு மாசத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அந்தப் பழைய குடோன் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஐயப்பன் சொன்னதையும் படித்தேன். மறைக்க எனக்கு மனசு வரவில்லை.

"எந்த முட்டாளுன்னா கேக்குறான்? நாந்தான்னு எழுது. பேரு போட்டு எழுது. ஊரப் போட்டு எழுது."

அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறாளே, இதனால் ஏதாவது வம்பு வந்தால் என்ன செய்வது என்று இழுத்தேன்.

"அன்னிக்கு என்னக் கேக்காம எழுதினியே, அப்ப அந்தக் கையெழுத்து தெரியலயா? இப்ப நான் சொல்றேன். எழுது."

எழுதினேன். சூர்யகலா, உப்பளத் தொழிலாளி, மரக்காணம் என்று ஆரம்பித்தேன். கிளிப்புக்குள் இருந்த துரு, கௌதமன் பூசிய கிரீஸ், கேட்டில் நின்றது, தரையில் கொட்டிய ஆயில். சவடாலுக்காக நான் எழுதிய ஒரு வரியால் அவள் வேலை போனதையும் எழுதினேன். அவசரத்தில் எழுத்து தப்புத் தப்பாக விழுந்தது, திருத்தவில்லை. அனுப்பிவிட்டு, அவள் படித்துப் பார்க்கட்டும் என்று போனை நீட்டிக்கொண்டே வரப்பிலிருந்து இறங்கி அவளிடம் போனேன்.

அதற்குள் பதில் வந்துவிட்டது. ஐயப்பன்தான். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் உரக்கப் படித்தேன்.

"சூப்பர் ப்ரோ. அந்த ஆன்ட்டிகிட்ட கேட்டுச் சொல்லுங்க, அடுத்த மாடல்ல சன்ரூஃப் கன்ஃபார்மா?"

அண்ணி சிரிக்கவில்லை. கோபப்பட்டதாகவும் தெரியவில்லை. பலகையைத் திருப்பிப் பிடித்தாள்.

"சன்ரூப்பு மேல இருக்கும். நான் அடில நின்னவ, எனக்குத் தெரியாதுன்னு சொல்லு" என்றாள். பிறகு என் காலைப் பார்த்தாள். "பாத்தில செருப்போட நிக்கிற. கழட்டு."

கழற்றினேன். முற்றிய உப்புத் தண்ணீர் என் விரல் இடுக்கு வெடிப்புகளில் ஏறியது. ஒரு நிமிஷம்கூட என்னால் நிற்க முடியவில்லை.